பெயருக்கு முன்னால்

சென் ஜேம்ஸ் ரவுண், ரொறன்ரோ
12 செப்டெம்பர் 2024

என் அன்புத் தம்பி பேனாட்,

இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முதலே மழையைச் சொல்கிறது. உன் இருமல் எப்படி? மலைக்காற்றுக்குக் கழுத்தைச் சுற்றிக்கொண்டு திரி.

நீ குருப்பட்டம் பெற்ற அன்றைக்கு அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "இனி அவரை நீங்கள் எண்டு கதைக்கவேணும்" என்று சொன்னா. ஆட்களுக்கு முன்னால் அப்படித்தான் கதைக்கிறேன். கடிதத்தில் நீ எனக்கு நீதான். பொறுத்துக்கொள். உங்கள் மடத்து வாசல் அறையில் இருக்கிற அந்த ஒற்றைத் தொலைபேசியில், பின்னால் ஆட்கள் நிற்க, நீயும் நானும் என்னத்தைக் கதைக்கிறது? எழுதுவதுதான் எனக்குச் சரி.

ஒரு புதினம். நான் படிக்கப் போகிறேன். அறுபத்தைந்து வயது கடந்தவர்களை இங்கே பல்கலைக்கழக வகுப்பில் இருந்து கேட்க விடுகிறார்கள். முதியோர் இல்லத்துச் சலவை அறை வேலையில் இருந்து ஓய்வு பெற்றபின் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது போதும் என்று தோன்றியது. ஸ்பானிய இலக்கியமும் சமூக வரலாறும் எடுத்திருக்கிறேன். பெயர் பதிகிற பெட்டை, ஏன் ஸ்பெயின் என்று கேட்டாள். "என் தம்பியை விழுங்கின நாடு. அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்கவேண்டும்" என்று சொல்ல வாய்வரை வந்தது. "விருப்பம்" என்று மட்டும் சொன்னேன்.

பேராசிரியையின் பெயர் எலேனா. அமெரிக்கக் கண்டத்தில் இருந்து கப்பல் கப்பலாகத் தங்கம் வந்த காலத்தில் ஸ்பெயினில் பாண் விலை ஏறி ஏழைகள் பட்டினி கிடந்த கதையைத்தான் முதல் வாரம் சொன்னா. பிச்சைக்காரர்களும் வேலைக்காரர்களும் தங்கள் வாயாலேயே கதை சொல்கிற புத்தகங்கள் அந்தப் பசியில் இருந்துதான் பிறந்தனவாம். எனக்கு விளங்கியது. வகுப்பில் பிள்ளைகள் நிறைய. என் இரண்டு பக்கக் கதிரையும் வெறுமை. பொல்லாத பிள்ளைகள் இல்லை. எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கதைக்கமாட்டார்கள்.

நிரோ சுகம். வேலை கூட. மாமா எப்படி இருக்கிறார் என்று மகள் உன்னை விசாரித்தாள்.

மாதா உன்னோடு இருக்கட்டும்.
அக்கா மக்டலீன்


வல்தேமோரா மடம், காஸ்தில்யா, ஸ்பெயின்
4 ஒக்ரோபர் 2024

அன்பான அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. இருமல் விட்டுவிட்டது. உங்கள் முழங்காலுக்காக மன்றாடுகிறேன். ஆனால் நீங்கள் வைத்தியரிடமும் போகவேண்டும்.

உங்கள் கடிதங்களை நான் சத்தமாக வாசிப்பதுண்டு. இங்கே தமிழில் ஒரு சொல் பேசவோ கேட்கவோ ஆளில்லை. என் வாயில் இருந்து வந்தால்தான் என் காதுக்கு அது கிடைக்கும். மடத்து அதிபர் ஒருநாள் கதவடியில் நின்று கேட்டுவிட்டு, "என்ன செபம் அது?" என்றார். அக்காவின் கடிதம் என்றேன். நம்பினாரோ தெரியாது. இப்போது நாங்கள் ஒன்பது பேர்தான் இருக்கிறோம். இந்த வயதில் நான்தான் இங்கே இளையவன்.

நீங்கள் படிப்பது எனக்குச் சந்தோசம். நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருசம். இப்போதுதான் என் காலடியில் இருக்கிற வரலாற்றைப் பார்க்கிறேன். 1936இல் இங்கே உள்நாட்டுப் போர் தொடங்கியபோது இந்தக் கிராமத்தில் சண்டை எதுவும் நடக்கவில்லை. ஆனால் பதினொரு ஆண்களை வீடுகளில் இருந்து கூட்டிப்போய்ச் சுட்டுப் புதைத்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார், கூலிக்காரர் சங்கத்து ஆட்கள், காலுக்குச் சப்பாத்துத் தைக்கிற ஒருவர். புதைத்த இடம் எங்கள் பழத்தோட்டத்து மதிலுக்கு அப்பால் என்று ஊர் முழுக்கத் தெரியுமாம். ஒருவரும் சொன்னதில்லை. இப்போது பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்து சின்னச் சின்னக் கொடி நட்டுத் தோண்டுகிறார்கள்.

சப்பாத்துத் தைத்தவரின் மகள் ஃபெலிசா. தொண்ணூறு வயது. தகப்பனைக் கொண்டுபோனபோது அவவுக்கு இரண்டு. ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளைகளுக்குச் சூப் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்து தோண்டிய கிடங்கின் ஓரத்தில் கதிரை போட்டு இருக்கிறா. நான் மதிலால் எட்டிப் பார்க்கப் போய், இப்போது பக்கத்தில் போய் இருக்கிறேன். அதிபருக்கு இது பிடிக்கவில்லை. "ஆறின புண்" என்கிறார்.

நிரோவின் கலியாணத்துக்கு நான் வந்து பூசை வைக்கவேண்டும் என்று போன வருசம் கேட்டாள். நாள் வைத்தாயிற்றா? அழைப்பிதழ் அடித்துவிட்டீர்களா?

இறைவன் உங்கள் வீட்டில் தங்கட்டும்.
பேனாட்


ரொறன்ரோ
8 நவம்பர் 2024

என் அன்புத் தம்பி,

சுகமாக இருக்கிறாயா? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. இந்த மாதம் நான் கோவிலுக்குப் போகவில்லை. முழங்கால்.

உன் கடிதம் வந்த அதே வாரம் எலேனா இந்தக் கதைக்குத்தான் வந்தா. அந்த நாட்டுச் சர்வாதிகாரி செத்தபிறகு, பழையதைக் கிளறுவதில்லை என்று எல்லாக் கட்சிகளும் உடன்பட்டனவாமே. "மறப்பதற்கு ஒரு நாடு உடன்படலாமா? உடன்பட்டால் அது யாருடைய சார்பில்?" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளை ஒரு மணித்தியாலம் வாதாட விட்டா. கெட்டிக்காரப் பிள்ளைகள். பழைய கிரேக்கர் சொன்னது, செர்மனியில் சொன்னது எல்லாம் சொன்னார்கள். மறக்காவிட்டால் சமாதானம் எப்படி வரும் என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல பிள்ளை. அவளுக்கு மறப்பதற்கு இன்னும் ஒன்றுமில்லை.

மொழியும் கொஞ்சம் சொல்லித் தருகிறா. ஸ்பானிய மொழியில் "இருப்பது" என்பதற்கு இரண்டு சொல்லாமே. மாறாததற்கு ஒன்று: இது கல். மாறக்கூடியதற்கு மற்றது: களைப்பாய் இருக்கிறேன், வீட்டில் இருக்கிறேன். செத்தவருக்கு எதைப் போடுவது என்று ஒரு பொடியன் கேட்டான். மாறக்கூடியதற்கான சொல்தானாம். வகுப்பே சிரித்தது.

பிறகு, "காணாமல் போவது" என்பதைத் தென்னமெரிக்க ஆட்கள் எப்படி மாற்றினார்கள் என்று சொன்னா. அவர் காணாமல் போகவில்லை, அவரைக் காணாமல் ஆக்கினார்கள் என்று சனம் பேசத் தொடங்கியதாம். "உங்கள் மொழி எதிலாவது இப்படி உண்டா?" என்று கேட்டா. எங்களிடம் உண்டு, தம்பி. "காணாமல் ஆக்கப்பட்டவர்கள்" என்று பதாகையில் எழுதிப் பிடித்துக்கொண்டு ஊரில் எங்கள் பெண்கள் ரோட்டில் இருக்கிறார்கள். கையைத் தூக்கியிருந்தால் அடுத்த கேள்விக்கும் பதில் சொல்லவேண்டி வந்திருக்கும். நான் பேனையின் மூடியைத் திருகிக்கொண்டு இருந்தேன்.

கிடங்கில் என்ன கண்டார்கள்? ஒன்றும் விடாமல் எழுது.

நிரோ சுகம்.
அக்கா


மல்வேர்ன், ஸ்காபரோ
12 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

எப்பிடி இருக்கிறியள்? நான் சுகம். நான் தமிழ் எழுதிக் கனகாலம், பிழை இருந்தால் சிரிக்காதேங்கோ. அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுறன்.

அம்மா என்ன எழுதியிருப்பா எண்டு எனக்குத் தெரியும். நிரோ சுகம், நிரோவுக்கு வேலை கூட. மாமா, நான் ஓகஸ்ட் மாசம் வீட்டை விட்டு வந்திட்டன். இப்ப என்ர ஃப்ரெண்ட் அனோஜாவோடை மல்வேர்னிலை இருக்கிறன். அம்மா தனிய.

சண்டை கலியாணக் கார்டாலை வந்தது. நான் கட்டப்போற மரியோவின்ர அம்மா, "பெண்ணின்ர தகப்பன் பெயருக்கு முன்னாலை அமரர் எண்டு போடுறதோ, திரு எண்டு போடுறதோ?" எண்டு கேட்டவ. அவ பிழையாக் கேக்கேல்லை. கார்ட் அடிக்கவேணுமெண்டால் கேக்கத்தானே வேணும். அம்மா கோப்பையை வைச்சிட்டு எழும்பிப் போயிட்டா. பிறகு நான் சொன்னன், "அம்மா, பதினாறு வருசம். அப்பா இல்லை எண்டு எல்லாருக்கும் தெரியும்." அதுக்கு அம்மா, "அப்ப நீ போய் அவரை எந்த மண்ணுக்குள்ளை தாட்டது எண்டு காட்டு" எண்டா. நான் என்ர உடுப்பை எடுத்துக்கொண்டு வந்திட்டன்.

எனக்கு அப்பாவை உண்மையாய் ஞாபகமில்லை. அப்ப எனக்கு ஒன்பது வயசு, ஆனால் ஞாபகமில்லை. எண்ணெய் மணம், வாசலிலை கிடந்த ஸ்பானர், அவ்வளவுதான். அம்மாவைக் கேட்டால், "வந்து அவரே சொல்லுவார்" எண்டுவா. அவரைப் பற்றி ஒரு கதை சொல்லமாட்டா. கதை சொன்னால் அவர் முடிஞ்சுபோவார் எண்டு நினைக்கிறாபோலை. நவம்பரிலை செத்த ஆக்களுக்குப் பூசை எண்டு கோவிலுக்கே போகமாட்டா.

நான் கோபத்திலை எழுதேல்லை. கலியாணம் ஜூலையிலை. அம்மா வருவாவோ எண்டும் தெரியேல்லை. நீங்கள் ஒருக்கால் சொன்னால் கேப்பா.

அன்புடன்
நிரோஷினி


வல்தேமோரா மடம்
20 ஜனவரி 2025

அன்பான அக்கா,

உங்கள் நாட்டுத் தபால் வேலைநிறுத்தத்தில் அகப்பட்டு உங்கள் நவம்பர்க் கடிதம் புதுவருசம் பிறந்த பிறகுதான் வந்தது. நத்தார்த் திருநாளுக்கு உங்களுக்கு நான் எழுதியதும் எங்கோ சாக்குக்குள் கிடக்கிறதுபோல. சுகமாக இருக்கிறீர்களா?

எல்லாவற்றையும் எழுதச் சொன்னீர்கள். பனி விழுந்ததால் தோண்டுவதை நிறுத்திக் கிடங்கைப் படங்குத் துணியால் மூடிவிட்டார்கள். அதற்கு முதல் நான்கு பேரை வெளியே எடுத்தார்கள். தூரிகையால் மண்ணைத் தட்டித் தட்டி, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி. எலும்பைவிடச் சப்பாத்துகள் நல்லாக இருந்தன. ஒவ்வொரு சப்பாத்தும் வர ஃபெலிசா எழும்பிப் போய்ப் பார்ப்பா. இந்த ஊரில் எல்லோருக்கும் சப்பாத்துத் தைத்தவர் அவவின் தகப்பன்தான். ஆகவே வந்த சப்பாத்து எல்லாம் அவருடைய கைவேலை. எது அவர் காலில் இருந்தது என்று எப்படிச் சொல்கிறது? அந்த மனிசி ஒவ்வொன்றையும் கையில் வாங்கித் தையலைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தா.

இனி அங்கே போகவேண்டாம் என்று அதிபர் சொல்லியிருக்கிறார். நான் கீழ்ப்படிதலுக்கு வாக்குக் கொடுத்தவன். பனிக்காலத்தில் கீழ்ப்படிவது சுலபம்.

அக்கா, நீங்கள் யாரோடு இருந்து சாப்பிடுகிறீர்கள்?

உங்கள் தம்பி
பேனாட்


ரொறன்ரோ
9 பெப்ரவரி 2025

தம்பி,

நான் சுகம். நீ சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

யாரோடு சாப்பிடுகிறேன் என்று முப்பது வருசமாக நீ கேட்டதில்லை. உன்னைக் கேட்கச் சொன்னது யாரென்று எனக்குத் தெரியும். பரவாயில்லை. அவள் உனக்கு எழுதினது நல்லது. எனக்கு எழுதவில்லை.

அப்படியென்றால் நானும் மறைக்காமல் எழுதுகிறேன். உன் அத்தான் பாண் வாங்கப் போனவர். எங்கள் ஊர் பேசாலைக் கடற்கரையில் அன்றைக்கு ஒரு வள்ளத்தின் எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு, பிள்ளைக்குப் பாண் வாங்கிக்கொண்டு வாறன் என்று போனார். ஆட்கள் வந்து அவரை ஒரு வான் வண்டிக்குள் ஏற்றினதைக் கடைக்காரர் கண்டார். அதற்குப் பிறகு நான் ஏறாத படியில்லை. முகாமில் இல்லை என்றார்கள். சிறையில் இல்லை என்றார்கள். ஆணைக்குழு வந்து, மரண அத்தாட்சிப் பத்திரம் தாறோம், வாங்கிக்கொண்டு போ என்றது. அவர்கள் ஒருவரும் "கொன்றோம்" என்று சொல்லவில்லை. கொண்டுபோனவன் சொல்லவில்லை, அரசாங்கம் சொல்லவில்லை. நான் சொல்லவேண்டுமாம். கலியாணக் கார்டில், தங்க எழுத்தில்.

அந்த ஒரு சொல்லை நான் போட்டால், தம்பி, அவரைச் சாகடித்தவள் நானாகிவிடுவேன். வேறு யாரும் அதைச் செய்யவில்லை. இதை நிரோவுக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை. நான் வாயைத் திறந்தால் சண்டையாகத்தான் வருகிறது.

சாப்பாடு நான் தனியத்தான் சாப்பிடுகிறேன். வானொலியைப் போட்டுவிட்டுச் சாப்பிடுவேன். லிஃப்ற் பழுதான நாளில் கீழே இறங்காமல் இரண்டு மூன்று நாள் ஒருவரோடும் ஒரு சொல்லும் கதைக்காமல் இருந்திருக்கிறேன். பிறகு வகுப்பில் ஒரு பிள்ளை "எக்ஸ்கியூஸ் மீ" என்று சொன்னபோது திரும்பிச் சொல்லக் குரல் வரவில்லை.

ஃபெலிசா தகப்பனைக் கண்டெடுத்தால் உடனே எழுது. ஒரு நாட்டிலாவது அது நடக்கட்டும்.

அக்கா


ரொறன்ரோ
30 மார்ச் 2025

தம்பி,

பெப்ரவரியில் எழுதினதுக்குப் பதிலில்லை. கடிதம் கிடைக்கவில்லையா, அல்லது நான் எழுதினது கூடிப்போயிற்றா? மடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். யாரோ ஒரு முதியவர் ஏதோ சொன்னார். நான் படித்த ஸ்பானிய மொழியில் எனக்கு விளங்கியது "இங்கே இல்லை" என்பது மட்டும். அந்தச் சொல்லைக் கேட்டதும் தொலைபேசியை வைத்துவிட்டேன். நீ எங்கே இருக்கிறாய்?

வகுப்பு அடுத்த வாரம் முடிகிறது. அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒரு வரி எழுது. சுகம் என்றாவது எழுது.
அக்கா


லா அல்பெர்கா மடம், தெற்கு ஸ்பெயின்
15 ஏப்ரல் 2025

அன்பான அக்கா,

உங்களைப் பயப்படுத்திவிட்டேன். நான் சுகம். உங்கள் இரண்டு கடிதமும் பழைய மடத்தில் இருந்து இங்கே அனுப்பப்பட்டு நேற்று ஒன்றாக வந்தன. மேலே இருக்கிற விலாசத்தைப் பார்த்திருப்பீர்கள். இங்கே வெயில். தோடை மரங்கள் பூத்திருக்கின்றன. மடத்தில் எல்லோரும் நல்லவர்கள். இன்னும் ஒருவருடைய பெயரும் எனக்குப் பிடிபடவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். பனி கரைந்ததும் மிச்சத்தைத் தோண்டி முடித்தார்கள். மொத்தம் பத்துப் பேர். பதினோராவது ஆள் இல்லை. எலும்பையும் ஃபெலிசாவின் இரத்தத்தையும் ஒத்துப் பார்த்தார்கள். அந்தப் பத்தில் ஒன்றும் அவவின் தகப்பன் இல்லை. வேறெங்கோ கொண்டுபோயிருக்கிறார்கள். எங்கே என்று சொல்ல ஒருவரும் உயிரோடு இல்லை.

செய்தி சொல்ல வந்த பிள்ளை அழுதுவிட்டாள். ஃபெலிசா அவளைத் தேற்றி, சூப் குடிக்க வைத்து அனுப்பினா. மறுநாள் காலை மடத்து வாசலுக்கு வந்து என்னைக் கேட்டா. தகப்பனுக்குப் பூசை கேட்கப் போகிறா என்று நினைத்தேன். இல்லை. தாய்க்குக் கேட்டா. அவ சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் கேட்டது.

"சுவாமி, அப்பாவை எனக்குத் தெரியாது. எனக்கு இருந்தது அம்மா மட்டும். ஆனால் அவ என்னோடை இருக்கேல்லை. வாசலோடை இருந்தவ. எனக்குக் கலியாணம் நடந்த அண்டைக்கும் சனத்தைப் பாக்கேல்லை, என்னைப் பாக்கேல்லை, கோவில் வாசலைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவ. இப்ப ஊர் முழுக்க அப்பாவைத் தேடுது. அம்மாவை ஆர் தேடினது?"

பூசையை அவ கேட்ட இடத்தில், அந்தக் கிடங்கின் பக்கத்தில் வைத்தேன். போகவேண்டாம் என்று சொல்லியிருந்த இடம்தான். அதற்குப் பிறகு இங்கே வந்திருக்கிறேன்.

இந்த வருசம் பயணத்துக்கு எனக்கு அனுமதி கிடைக்காது. ஜூலையில் நான் வரமுடியாது, அக்கா. நிரோவுக்கும் எழுதுகிறேன்.

ஃபெலிசா சொன்னதை உங்களுக்கு எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். கோபித்தாலும் எனக்கு எழுதுங்கள்.

பேனாட்


ரொறன்ரோ
4 மே 2025

என் அன்புத் தம்பி,

நீ சுகம் என்று அறிந்தது ஆறுதல். ஆனால் நீ எழுதாமல் விட்டதையும் நான் வாசித்துவிட்டேன். ஒரு கிழவிக்குப் பூசை வைத்ததற்கு முப்பது வருசம் இருந்த இடத்தை உன்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அம்மா இருந்தால் உனக்காக அழுதிருப்பா. பெருமையும் பட்டிருப்பா.

உன் மேல் கோபித்தேன். யாரோ ஒரு வெள்ளைக்கார மனிசியின் தாயைப் பற்றி எனக்கு எதற்கு எழுதுகிறாய் என்று கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். பிறகு ஒருநாள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கும்போதுதான் பார்த்தேன். கதிரையை நான் எப்போதும் கதவைப் பார்க்கத்தான் போட்டிருக்கிறேன். நிரோ சின்னப் பிள்ளையாக எனக்கு முன்னால் இருந்து பாடம் படித்ததெல்லாம் அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவளுடைய தலைக்கு மேலால் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

சப்வே எடுத்து, பிறகு பஸ் எடுத்து மல்வேர்னுக்குப் போனேன். அனோஜா கதவைத் திறந்தாள். பின்னால் நிரோ ஓடி வந்தாள்.

"அம்மா! என்ன நடந்தது? ஆருக்கும் வருத்தமே?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. தேத்தண்ணி தருவியோ?"

தந்தாள். சீனி போட மறந்துவிட்டாள். நான் சொல்லாமல் குடித்தேன். மேசையில் கணினி திறந்திருந்தது. அதில் அழைப்பிதழ். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். மரியோவின் பக்கத்தில் தாய் தகப்பன் இரண்டு பேரும் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் "மக்டலீன் அவர்களின் அன்பு மகள்" என்று மட்டும் கிடந்தது. தம்பி, என் பெயர் அப்படித் தனிய நின்றது.

"அப்பா எங்கை?" என்று கேட்டேன்.

"முன்னுக்கு என்ன போடுறதெண்டு தெரியேல்லை அம்மா. உங்களைக் கேக்கப் பயம். அதாலை விட்டிட்டன்."

"போடு. அப்பாவின்ர பெயர், கிளிபோட் எண்டு மட்டும் போடு. முன்னுக்கு ஒண்டும் வேண்டாம்."

"சனம் கேக்கும், அம்மா."

"கேக்கட்டும். கேக்கிற ஆக்களை என்னட்டை அனுப்பு."

அவள் அடித்தாள். சின்னப் பெயர்தான். அடித்து முடிக்க அவளுக்குக் கனநேரம் எடுத்தது.

வீட்டுக்குத் திரும்பி வா என்று நான் கேட்கவில்லை. அவளும் வாறன் என்று சொல்லவில்லை. பஸ் தரிப்பிடம் வரை வந்தாள். பஸ் வரும் வரைக்கும் நின்றாள்.

உன்னைக் கர்த்தர் தேற்றட்டும்.
அக்கா


லா அல்பெர்கா
16 ஜூன் 2025

அன்பான அக்கா,

நான் சுகம். அழைப்பிதழ் கிடைத்தது. உங்கள் பெயரையும் அத்தானின் பெயரையும் சத்தமாக வாசித்தேன். கலியாண நாள் காலையில் இங்கே பூசை என்னுடையது. நிரோவையும் மரியோவையும் அதில் ஒப்புக்கொடுப்பேன். அத்தானை எப்படிச் சொல்லவேண்டும் என்று உங்களைக் கேட்கமாட்டேன். ஆண்டவருக்கு அவர் எங்கே என்று தெரியும்.

எனக்கு விளக்கிச் சொல்ல இங்கே ஒருவரும் வரப்போவதில்லை. அதனால் அன்றைக்கு நடந்ததை எனக்கு ஒன்றும் விடாமல் எழுதுங்கள்.

பேனாட்


ரொறன்ரோ
7 ஜூலை 2025

என் அன்புத் தம்பி,

உன் செபத்தால் எல்லாம் நல்லபடி முடிந்தது. மழையும் பெய்யவில்லை.

கோவிலில் நிரோவின் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டது நான். பீடம் வரைக்கும் அவளைத்தான் பார்த்தேன். வேறெங்கும் பார்க்கவில்லை. இதை நீ எழுதினதால் செய்தேன் என்று நினைக்காதே. அவள் அவ்வளவு வடிவாக இருந்தாள்.

மண்டபத்தில் நான்கைந்து பேர் வந்து கேட்டார்கள். சிலர் சுற்றி வளைத்து, சிலர் நேரே. "2008இல் கொண்டுபோனவங்கள். இண்டுவரைக்கும் சொல்லேல்லை" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். முதல் ஆளுக்குச் சொல்லத்தான் கஷ்டம். ஒரு மனிசன், தன் தம்பியும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தட்டோடு என் பக்கத்தில் வந்து இருந்தார். சாப்பிட்டு முடியும்வரை பக்கத்திலேயே இருந்தார். எனக்கும் அது போதுமாக இருந்தது.

பிறகு ஒன்று நடந்தது. பாட்டுப் போடுகிற பொடியன் எல்லாக் கலியாணத்திலும் சொல்கிற மாதிரி ஒலிவாங்கியில், "இப்போது மணமகளும் தந்தையும் ஆடுவார்கள்" என்று அறிவித்துவிட்டான். அவனுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. பாட்டும் தொடங்கிவிட்டது. அந்த நேரம் நிரோ மண்டபத்தின் நடுவில் தனிய நின்றாள். மரியோ யாரோடோ கதைத்துக்கொண்டு தூரத்தில் நின்றவன், திரும்பி ஓடி வரப் பார்த்தான். அவ்வளவு சனமும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளை அழவில்லை. சிரிக்கப் பார்த்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் எழும்பினேன். முழங்காலும் சீலையுமாக அந்த மண்டபம் எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் தெரியும். போய் அவளுடைய இரண்டு கையையும் பிடித்தேன்.

"அம்மா, உங்களுக்கு ஆடத் தெரியாதே."

"தெரியாது. அவருக்குத்தான் தெரியும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அப்பா ஆடுவாரோ?"

"ஆடுவாரோ! வெற்றிமாதா திருநாள் முடிஞ்சு பைலாப் பாட்டுத் தொடங்கினால் அவரை ஒருத்தராலையும் பிடிக்கேலாது. எங்கடை கலியாணத்தண்டைக்கு ஆடி, காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ளை இருந்த ஸ்பானர் பறந்துபோய்ச் சுவாமியாரின்ர கோப்பைக்குள்ளை விழுந்தது."

"கலியாணத்துக்கு ஸ்பானரோடையோ வந்தவர்?"

"ஓம். வழியிலை ஆரோ ஒருத்தற்றை மோட்டார் சைக்கிள் நிண்டுபோச்செண்டு திருத்திப்போட்டு வந்தவர். நான் கோவில் வாசலிலை அழுதுகொண்டு நிண்டனான்."

அவள் சிரித்தாள், தம்பி. தலையைப் பின்னால் எறிந்து சிரித்தாள். உன் அத்தான் அப்படித்தான் சிரிப்பார். அதையும் சொன்னேன். அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு இரண்டு பையில் மீன் கொண்டு வந்ததைச் சொன்னேன். அவளுக்கு நீச்சல் பழக்கப் போய் அவரே பயந்ததைச் சொன்னேன். பாட்டுச் சத்தத்தில் கேட்காது என்று காதுக்குள் சொன்னேன். நாங்கள் ஆடவில்லை. நின்ற இடத்திலேயே ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். பாட்டு முடிந்தது. அந்தப் பொடியன் அடுத்த பாட்டைப் போட்டான். சனம் எழும்பி எங்களைச் சுற்றி ஆடத் தொடங்கியது. எனக்குக் கதை முடியவில்லை. அவளும் என் கையை விடவில்லை.

அக்கா மக்டலீன்